காற்று அம்பை எவ்வளவு தள்ளும்? கற்பனை உலக வில்லாளிக்கு வானிலைப் பாடம்

கோட்டை மதில்மேல் வில்லாளி ஒருத்தி நிற்கிறாள். எழுபது மீட்டர் தள்ளி எதிரியின் காவலாள் நிற்கிறான். இடப்பக்கத்திலிருந்து காற்று வீசுகிறது. அவள் விடும் அம்பு எங்கே போய்ச் சேரும்?

பல கேம்களில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. கொடி படபடக்கும், மழை கொட்டும், மரங்கள் வளையும். அம்பு மட்டும் எதுவும் நடக்காததுபோல் குறி வைத்த இடத்துக்கே போகும். காற்றைக் கணக்கில் எடுக்கும் சில கேம்களோ எதிர்ப்பக்கம் அளவு மீறிப் போய்விடுகின்றன. லேசான காற்றுக்கே அம்பு பல மீட்டர் விலகி ஓடும். ஆட்டக்காரர் இரண்டு முறை எய்து பார்த்துவிட்டு வில்லைப் போட்டுவிட்டு வாளை எடுத்துக்கொள்வார். இரண்டுமே வருத்தம் தருகிற விஷயங்கள். வானிலையோடு வில்லாளி நடத்தும் போராட்டம் வில்வித்தையின் சுவையான பகுதி. அதை ஒன்றுமில்லாமல் ஆக்குவதும் தவறு, தண்டனையாக மாற்றுவதும் தவறு.

கேம் விளையாடுபவர்கள், பகடை உருட்டி மேசையில் ஆடுபவர்கள், சொந்தமாக ஒரு கற்பனை உலகத்தை உருவாக்க நினைப்பவர்கள் ஆகிய மூவருக்காகவும் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடக் கணக்கு தெரிந்தால் போதும்.

முதலில் காற்றில்லாத நாள்

காற்றைப் பற்றிப் பேசுவதற்கு முன், அம்பு எவ்வளவு மெதுவான பொருள் என்பது மனத்தில் பதிய வேண்டும். பழைய போர்க்கால நெடுவில்லிலிருந்து கனமான அம்பு ஏறத்தாழ விநாடிக்கு 50 மீட்டர் வேகத்தில் புறப்படும். இன்றைய ஒலிம்பிக் வில் 60 மீட்டரை ஒட்டிய வேகம் தரும். இந்தக் கட்டுரையில் 60 என்றே வைத்துக்கொள்வோம்.

ஒலிம்பிக் வில்வித்தையில் இலக்கு 70 மீட்டர் தொலைவில் இருக்கும். அந்தத் தொலைவைக் கடக்க அம்புக்கு ஒரு விநாடிக்கும் சற்று மேல் ஆகிறது. அந்த நேரத்துக்குள் புவியீர்ப்பு அதை ஆறரை மீட்டருக்கும் அதிகமாகக் கீழே இழுத்துவிடும். அதனால்தான் எந்த வில்லாளியும் இலக்கை நோக்கி நேராக அம்பை நீட்டுவதில்லை. சற்று மேல்நோக்கித்தான் விடுகிறார். கேமில் குறிவைக்கும் புள்ளி இந்த இறக்கத்தைத் தானாகவே சரிசெய்துவிடும் என்றால், ஆட்டக்காரருக்கு அது தெரியவே தெரியாது. தெரியாவிட்டாலும், பின்னால் ஓடும் கணக்கில் அந்த ஒரு விநாடி இருக்க வேண்டும். காற்று வேலை செய்வது அந்த ஒரு விநாடிக்குள்தான்.

பக்கக்காற்று

விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பக்கக்காற்று வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். அம்பு 1.2 விநாடி பறக்கிறது. ஐந்தை 1.2-ஆல் பெருக்கினால் 6 மீட்டர். அப்படியானால் அம்பு 6 மீட்டர் விலகுமா?

விலகாது. உண்மையான விலகல் சுமார் 30 சென்டிமீட்டர்தான். பெருக்கிப் பார்த்த கணக்கு இருபது மடங்கு தவறு. காற்று அம்பை அள்ளிக்கொண்டு போகும் கேம்கள் பெரும்பாலும் இந்தப் பெருக்கலில்தான் வழுக்கி விழுகின்றன. அதனால் இந்த இடத்தில் சற்று நின்று பார்ப்போம்.

அம்பின் பின்முனையில் இறகுகள் இருக்கின்றன. பக்கத்திலிருந்து காற்று பட்டதும் அது இறகுகளைத் தள்ளுகிறது. பின்பக்கம் காற்று போகும் திசைக்கு நகர்கிறது. முனை காற்று வரும் திசைக்குச் சற்றே திரும்புகிறது. கூரை உச்சியில் சுழலும் காற்றுத்திசைகாட்டி நடந்துகொள்வதும் இப்படித்தான். நம் எடுத்துக்காட்டில் இந்தத் திருப்பம் ஐந்து பாகைக்கும் குறைவு. ஆனால் அவ்வளவு திரும்பியதுமே அம்பைப் பொறுத்தவரை பக்கக்காற்று என்று ஒன்று இல்லாமல் போய்விடுகிறது. முன்னால் பாய்வதால் எழும் காற்றும் பக்கத்திலிருந்து வரும் காற்றும் சேர்ந்து, முனையிலிருந்து வால் வரை நேராக வழிந்து ஓடுகின்றன. தண்டின் பக்கவாட்டில் தள்ள எதுவும் மிஞ்சுவதில்லை.

மிஞ்சுவது காற்றுத்தடை மட்டுமே. அது அம்பை அதன் தண்டின் போக்கில் பின்னோக்கி இழுக்கிறது. தண்டு லேசாகச் சாய்ந்திருப்பதால் அந்த இழுப்பில் ஒரு சிறு பங்கு பக்கவாட்டிலும் விழுகிறது. அம்பை விலக்குவது அந்தச் சிறு பங்குதான். ஆக, விலகலின் அளவு காற்றுத்தடை எவ்வளவு என்பதைப் பொறுத்தது. காற்றுத்தடையே இல்லாத அம்பு ஒன்று இருந்தால், எந்தப் பக்கக்காற்றாலும் அதை அசைக்க முடியாது.

இதிலிருந்து கிடைக்கும் சூத்திரம் மிக எளிமையானது. துப்பாக்கிக் குண்டுகளின் போக்கைக் கணக்கிடுபவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்துவதும் இதையே. அம்பு இலக்கை அடைய உண்மையில் ஆகும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றுத்தடையே இல்லாமல் இருந்தால் ஆகியிருக்கும் நேரத்தை அதிலிருந்து கழியுங்கள். கிடைப்பது தாமதம். அந்தத் தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் வந்துவிடும்.

நம் அம்புக்குப் போட்டுப் பார்ப்போம். விநாடிக்கு 60 மீட்டரில் புறப்பட்டு, 70 மீட்டர் தொலைவைத் தொடும்போது 54 மீட்டராக வேகம் குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தடையில்லாமல் போயிருந்தால் 1.17 விநாடி. உண்மையில் 1.23 விநாடி. தாமதம் 0.06 விநாடி. அதை 5-ஆல் பெருக்கினால் 30 சென்டிமீட்டர். ஒலிம்பிக் இலக்கின் நடுவளையம் 12.2 சென்டிமீட்டர் விட்டம் கொண்டது. ஒவ்வொரு வளையமும் 6.1 சென்டிமீட்டர் அகலம். எனவே காற்றில்லாத நாளில் நடுவில் தைத்துப் பத்துப் புள்ளி பெறும் அம்பு, இந்தக் காற்றில் மஞ்சளையும் சிவப்பையும் தாண்டி நீல வளையத்தில் போய் ஆறு புள்ளியோடு நிற்கும். ஆள் அளவு இலக்கு என்றால், மார்புக்கு வைத்த குறி தோளைத் தொடாமலே தாண்டிப் போய்விடும்.

இந்தச் சூத்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது, தொலைவோடு விலகல் வளரும் விதம். தொலைவு இரண்டு மடங்கானால் விலகல் நான்கு மடங்காகிறது. அதே அம்பு, அதே காற்று: 35 மீட்டரில் 7 சென்டிமீட்டர், 70 மீட்டரில் சுமார் 30, 140 மீட்டரில் 1.2 மீட்டர். அருகில் இருக்கும் இலக்குக்குக் காற்றைப் பொருட்படுத்தவே வேண்டாம். நடுத்தொலைவில் அனுபவம் பேசும். நெடுந்தொலைவில் காற்றைப் படிக்கத் தெரியாதவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஒரு கேமில் திறமை படிப்படியாக வளர்வதற்கு இதைவிட நல்ல ஏணியைத் தனியாக உருவாக்கத் தேவையில்லை. இயற்கையே அமைத்துத் தந்திருக்கிறது.

நிரல் எழுதுபவருக்கு ஒரு குறிப்பு. அம்பு பறக்கும் ஒவ்வொரு நொடித்துண்டிலும் அம்பின் வேகத்திலிருந்து காற்றின் வேகத்தைத் திசையோடு சேர்த்துக் கழித்து, கிடைக்கும் சார்பு வேகத்துக்கு எதிர்த்திசையில் காற்றுத்தடையைச் செலுத்தினால் போதும். மேலே சொன்ன எல்லா எண்களும் தாமாகவே வந்துவிடும். காற்றின் வேகத்தை அம்பின் இடத்தோடு நேரடியாகக் கூட்டாதீர்கள்.

எந்த அம்பைத் தேர்ந்தெடுப்பது?

தாமதம்தான் விலகலைத் தீர்மானிக்கிறது என்று தெரிந்துவிட்டால், அம்புகளின் வகைகளுக்கு உயிர் வந்துவிடுகிறது. மெல்லிய, கனமான அம்பு மெதுவாகப் புறப்பட்டாலும் வேகத்தை எளிதில் இழப்பதில்லை. பருத்த தண்டும் பெரிய இறகும் உள்ள அம்பு வேகமாக நிலைப்படும், ஆனால் காற்றுத்தடையை நிறையவே வாங்கிக்கொள்ளும். இலகுவான அம்பு சீறிப் புறப்படும், சீக்கிரம் தளரும். தீ அம்பின் முனையில் எண்ணெய்த் துணியைச் சுற்றியிருப்பதால் அது எல்லாவற்றையும்விட மோசம்: மெதுவாகவும் போகும், காற்றுக்கும் பணியும்.

பல கேம்களில் அம்பின் வகை என்றால் சேதத்தின் எண் மட்டும்தான் மாறும். அதற்குப் பதிலாகக் காற்றடிக்கும் மலையுச்சிக்குக் கனமான மெல்லிய அம்பு, அடர்ந்த காட்டில் பத்து மீட்டருக்குள் நடக்கும் சண்டைக்குப் பெரிய இறகு வைத்த அம்பு என்று அம்பறாத்தூணியை நிரப்பும்போதே யோசிக்க வைத்தால், புறப்படுவதற்கு முன் வானத்தைப் பார்க்கும் பழக்கம் ஆட்டக்காரருக்கு வந்துவிடும்.

காற்று மந்திரவாதிக்கும் இதே கணக்குதான். எதிரே நிற்கும் மனிதரை அம்பு தொடாமல் போக வேண்டுமானால் அதை ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் விலக்கினால் போதும். வில்லாளி 140 மீட்டரில் இருந்தால் விநாடிக்கு ஒரு மீட்டர் வேகமுள்ள மெல்லிய காற்றே அதைச் செய்துவிடும். 70 மீட்டரில் 4 மீட்டருக்குச் சற்று மேல். 35 மீட்டரில் கிட்டத்தட்ட 18 மீட்டர் வேகம் வேண்டும். மரங்களின் குச்சிகளை ஒடிக்கும் காற்று அது. பத்து மீட்டரில் எவ்வளவு பெரிய மந்திரவாதியும் காற்றை மட்டும் நம்பி நிற்கக்கூடாது. மந்திரத்துக்கு எவ்வளவு சக்தி செலவாக வேண்டும் என்று குழம்பும் உலகப் படைப்பாளிகளுக்கு இந்த விகிதம் நல்ல தொடக்கம்.

எதிர்க்காற்றும் பின்காற்றும்

நேரெதிரே வீசும் காற்று அம்பைக் கீழே இறக்கும், பின்னாலிருந்து வீசும் காற்று மேலே தூக்கும். அதே 5 மீட்டர் காற்று எதிரே வீசினால் 70 மீட்டரில் அம்பு ஆறேழு சென்டிமீட்டர்தான் கீழே இறங்கும். பக்கக்காற்றோடு ஒப்பிட்டால் இது சிறிது.

ஆனால் வானத்தை நோக்கி வளைத்து எய்யும்போது கதையே வேறு. விநாடிக்கு 50 மீட்டரில் 45 பாகைச் சாய்வில் விட்ட அம்பு, காற்றுத்தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், 60 மீட்டருக்கு மேல் உயர்ந்து ஏழு விநாடி வானத்தில் இருக்கும். அந்த உயரத்தில் காற்றும் வேறு. தரையை ஒட்டிய காற்று புல்லிலும் புதரிலும் உரசி வேகத்தை இழக்கிறது. மேலே போகப் போக வேகம் கூடுகிறது. திறந்தவெளிக்கான தோராயக் கணக்குப்படி, ஆளுயரத்தில் விநாடிக்கு 4 மீட்டராக இருக்கும் காற்று 60 மீட்டர் உயரத்தில் 6.5 மீட்டராக இருக்கும். கீழே நிற்பவர் முகத்தில் உணரும் காற்றும் அம்பு சந்திக்கும் காற்றும் ஒன்றல்ல.

இது போரின் முடிவையே மாற்றியிருக்கிறது. 1461-ஆம் ஆண்டு மார்ச் 29 அன்று இங்கிலாந்தின் டவுட்டனில், பனி கொட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு படைகள் மோதின. காற்று யார்க் படையின் முதுகுப்பக்கமிருந்து எதிரே நின்ற லங்காஸ்டர் படையின் முகத்துக்கு வீசியது. யார்க் தரப்பில் வில்லாளிகளை நடத்திய ஃபாக்கன்பர்க் பிரபு, ஒரு முறை எய்துவிட்டுப் பின்வாங்கி நிற்கும்படி ஆணையிட்டதாக வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. பின்காற்றில் அவர்களது அம்புகள் எதிரியைத் தொட்டன. பனியில் கண் தெரியாமல் லங்காஸ்டர் வில்லாளிகள் பதிலுக்கு எய்த அம்புகளோ எதிர்க்காற்றில் குறுகி, யார்க் படைக்கு முன்னால் தரையில் விழுந்தன. எதிரியின் அம்புகள் தீர்ந்ததும் யார்க் வில்லாளிகள் முன்னேறி, தரையில் குத்தி நின்ற அந்த அம்புகளையே பிடுங்கித் திருப்பி எய்தார்கள்.

கற்பனை உலகில் முற்றுகையோ பெரும்படைச் சண்டையோ வைக்க நினைப்பவர் இந்த ஒரு நாளைக் கூர்ந்து பார்த்தால் போதும். காற்றின் திசையை முன்கூட்டியே கணிக்கும் வேவுக்காரர், காற்று திரும்பும்வரை சண்டையைத் தள்ளிப்போடும் தளபதி, விழுந்த அம்புகளைப் பொறுக்கும் சிறுவர்கள் என ஒவ்வொருவரும் ஒரு தேடல் பயணத்துக்குக் கரு.

எய்தவரைப் பாருங்கள்

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். வானிலை விஷயத்தில் இது அப்படியே பொருந்தும். காற்றும் மழையும் குளிரும் பறக்கும் அம்புக்குச் செய்வதைவிட, அதை விடும் மனிதருக்கும் அவர் கையிலிருக்கும் வில்லுக்கும் செய்வது அதிகம். கேம் உருவாக்குபவர்கள் அம்பின் பாதையிலேயே கண்ணாக இருந்து இதைக் கவனிக்காமல் விடுவதுதான் எனக்குப் பெரும் குறை.

காற்றடிக்கும்போது நீட்டிய கையும் அதில் பிடித்த வில்லும் ஆடுகின்றன. உடல் ஆடாமல் இருக்கக் கால்களை அகட்டி ஊன்ற வேண்டும். காற்று சற்று அடங்கட்டும் என்று நாணை இழுத்தபடியே காத்திருந்தால் தோள் தளரும், விரல் நடுங்கும். நல்ல வில்லாளி இங்கே இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்: நாணைத் தளர்த்தி மறுபடி இழுக்கிறார், அல்லது காற்று வரும் பக்கமாகக் குறியைத் தள்ளிவைத்துத் தயங்காமல் விடுகிறார். கேமில் இதைக் காட்ட மிகச் சுலபமான வழி இருக்கிறது. வேகமான காற்றில் குறிப்புள்ளி தாளம் தவறி ஆடட்டும். நாணை அதிக நேரம் இழுத்துப் பிடித்தால் ஆட்டம் கூடட்டும். காற்று அடங்கும் ஒரு கணத்தில் அது நிலைக்கட்டும். அந்தக் கணத்துக்காகக் காத்திருப்பதில் உள்ள பதற்றம் எந்தச் சேத எண்ணாலும் கிடைக்காது.

மழைத்துளி பறக்கும் அம்பின் பாதையை அவ்வளவாக மாற்றுவதில்லை. அது கெடுப்பது மற்ற எல்லாவற்றையும். இறகுகள் நனைந்து படிந்துவிட்டால் அம்பை நிலைப்படுத்தும் வேலையைச் சரியாகச் செய்யாது; ஈரத்தின் எடை வேறு பின்பக்கத்தில் ஏறும். தோலால் ஆன விரலுறை வழுக்கும். நாணின் கதை இன்னும் சுவையானது, ஏனென்றால் அது எதனால் திரிக்கப்பட்டது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். தசைநாராலோ பச்சைத்தோலாலோ செய்த நாண் நனைந்தால் நீண்டு தளர்ந்துவிடும். சணல், லினன் போன்ற தாவர நார்கள் நனைந்தாலும் வலுவை இழப்பதில்லை. தேன்மெழுகு பூசிவைத்தால் ஈரம் உள்ளே போவதும் குறையும்.

1346 ஆகஸ்ட் 26 அன்று பிரான்சின் கிரெசியில் போருக்குச் சற்று முன் பலத்த மழை கொட்டியது. பிரெஞ்சுத் தரப்பில் போரிட்ட ஜெனோவா வீரர்களின் குறுக்குவில் நாண்கள் அதில் நனைந்து கெட்டதாகவும், ஆங்கிலேயர்கள் தங்கள் நாண்களைக் கழற்றிப் பத்திரப்படுத்திக்கொண்டதாகவும் அக்காலக் குறிப்பு ஒன்று சொல்கிறது. நெடுவில்லின் நாணை நொடியில் கழற்றிவிடலாம். குறுக்குவில்லில் அது அவ்வளவு எளிதல்ல. எந்த ஆயுதம் அதிக சேதம் தரும் என்பதோடு, மழை வந்தால் எதை முதலில் காப்பாற்ற முடியும் என்ற கேள்வியும் ஆட்டக்காரர் மனத்தில் எழட்டும்.

வில்லின் உடலும் வானிலையை உணரும். கொம்பு, மரம், தசைநார் மூன்றையும் விலங்குப் பசையால் ஒட்டிச் செய்யும் கூட்டு வில் சிறியது, வலிமையானது, குதிரைமேல் ஏற்றது. ஆனால் அந்தப் பசைக்கு ஈரம் ஆகாது. புல்வெளிகளின் வறண்ட காற்றில் மின்னிய வில் ஈரக்காட்டில் நாள்பட இருந்தால் தளர்ந்துபோகும்; அதனால்தான் அதை உறையில் போட்டுக் காத்தார்கள். ஒரே மரத்தில் செதுக்கிய வில் ஈரத்தைப் பொறுத்துக்கொள்ளும். கடுங்குளிரில் அந்த மரமே விறைத்து முறியும் அபாயம் உண்டு. கொதிக்கும் வெயிலில் தளர்ந்து இழுவை குறையும். பனிப்பிரதேசத்தில் வில்லாளிக்கு முதல் எதிரி மரத்துப்போகும் விரல்கள், இரண்டாவது எதிரி நாணில் சிக்கும் தடித்த சட்டைக்கை.

ஆகவே உங்கள் உலகில் புல்வெளி இனத்தார் கூட்டு வில்லையும், மழைக்காட்டு இனத்தார் ஒற்றை மர வில்லையும் வைத்திருந்தால், அதற்கு அழகைத் தாண்டிய காரணம் இருக்கும். வேறு நிலத்துக்கு அந்த வில்லைக் கொண்டுபோகும் ஆட்டக்காரர் விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

காற்றடர்த்தியைப் பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், மிதக்கும் தீவுகள் உள்ள உலகங்களுக்குப் பயன்படும். 3,000 மீட்டர் உயரத்தில் காற்று கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அடர்த்திதான். தடை குறையும், அதனால் அதே காற்றில் விலகலும் கால் பங்கு குறையும். ஆனால் அவ்வளவு உயரத்தில் காற்று பெரும்பாலும் வேகமாகவே வீசும் என்பதால் வில்லாளிக்கு நிகர லாபம் கிடைக்காது. ஈரக்காற்று கனமானது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் ஒரே வெப்பநிலையில் ஈரக்காற்று வறண்ட காற்றைவிட லேசானது. அம்புக்கு அந்த வேறுபாடு தெரியவே தெரியாது.

காற்றைக் கண்ணுக்குக் காட்டுவது

ஆட்டக்காரருக்குத் தோலில் காற்று படாது. நிஜ வில்லாளி கன்னத்தில் உணர்வதை அவர் திரையில் பார்த்தாக வேண்டும். போட்டி மைதானங்களில் இலக்குக்கு மேலே சிறு கொடி பறப்பதும் இதற்காகத்தான். மூலையில் ஒரு அம்புக்குறியும் எண்ணும் போட்டுவிடலாம்; ஆனால் அது உலகத்தை விட்டு வெளியே கண்ணை இழுக்கும்.

இதற்கான பட்டியல் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிரான்சிஸ் போஃபோர்ட் 1805-இல் காற்றின் வலிமைக்கு வகுத்த அளவுகோல், பின்னாளில் தரைக்கும் விரிவாக்கப்பட்டது. எந்தக் கருவியும் இல்லாமல், சுற்றியிருப்பவற்றைப் பார்த்தே காற்றைச் சொல்லிவிடலாம். இலைகள் சலசலத்து, முகத்தில் காற்று உணரப்பட்டால் விநாடிக்கு 2 முதல் 3 மீட்டர். இலைகளும் சிறு குச்சிகளும் ஓயாமல் அசைந்து, லேசான கொடி விரிந்து பறந்தால் 3.4 முதல் 5.4 வரை; நம் எடுத்துக்காட்டுக் காற்று இதுதான். தூசியும் தாளும் எழும்பினால் 8 மீட்டர் வரை. இலையடர்ந்த சிறு மரங்கள் ஆடத் தொடங்கினால் 8-க்கு மேல். பெரிய கிளைகள் ஆடினால் 11-ஐத் தாண்டிவிட்டது. குச்சிகள் ஒடிந்து விழுந்தால் 17-க்கு மேல், வில்லை எடுப்பதில் பயனில்லை.

காட்சி அமைக்கும் கலைஞரும் கணக்குப் போடும் நிரலாளரும் இந்த ஒரே அட்டவணையை வைத்துக்கொண்டால், திரையில் ஆடும் மரமும் அம்பு விலகும் அளவும் ஒன்றோடொன்று பொருந்தும். ஆட்டக்காரர் யாரும் சொல்லித்தராமலேயே கற்றுக்கொள்வார். இன்னொன்றும் இருக்கிறது: எய்யும் இடத்துக் காற்றும் இலக்கின் அருகே உள்ள காற்றும் வேறாக இருக்கலாம். மதிலின் மறைவில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. நடுவழியில் பள்ளத்தாக்குக் காற்று காத்திருக்கும். அம்பு பறக்கத் தொடங்கும் இடத்தில் படும் காற்று அதன் திசையையே சாய்த்துவிடுவதால், மிச்ச தூரம் முழுவதும் அந்தச் சாய்வு தொடரும். இலக்குக்கு அருகே படும் காற்றுக்கு அவ்வளவு நேரம் கிடைப்பதில்லை. எனவே தொலைவில் உள்ள கொடியைவிடத் தன் காலடிப் புல்லை அதிகம் நம்புபவரே தேர்ந்த வில்லாளி.

பகடை ஆடுபவர்களுக்கு

மேசை விளையாட்டுகளில் சென்டிமீட்டர் கணக்கு யாருக்கும் வேண்டாம். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 2014 பதிப்பின் விதி எளிமையானது: பலத்த காற்று வீசினால் எறியும், எய்யும் ஆயுதத் தாக்குதல்களுக்கு இருபது முகப் பகடையை இருமுறை உருட்டிக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும். காதால் கேட்டுக் கண்டறியும் முயற்சிகளுக்கும் அதே பாதகம். அதற்கு முந்தைய 3.5 பதிப்பில் படிநிலைகள் இருந்தன: மணிக்கு 21 முதல் 30 மைல் காற்றில் உருட்டிய எண்ணில் 2 குறையும், 31 முதல் 50 வரை 4 குறையும், அதற்கும் மேலான புயலில் அம்பு எய்யவே முடியாது.

எனக்குப் பழைய படிநிலைகள்தான் பிடிக்கும். ஆனால் இரண்டிலுமே ஒரு பெரிய குறை: தொலைவு எதுவானாலும் காற்றின் தண்டனை ஒன்றே. அருகில் நிற்கும் ராட்சதனுக்கும் அடிவானத்தில் நிற்கும் தூதனுக்கும் ஒரே காற்று ஒரே அளவு தொல்லை தரக்கூடாது. ஆட்டத்தை நடத்துபவர் ஒரு திருத்தம் செய்துகொள்ளலாம்: முப்பது மீட்டருக்குள் காற்றுக்காக எதையும் கழிக்க வேண்டாம், அதற்கு மேல் கழியுங்கள், நூறு மீட்டரைத் தாண்டினால் இரட்டிப்பாகக் கழியுங்கள். ஒரு சுற்று முழுவதும் காற்றைக் கவனிப்பதிலேயே செலவிடும் வில்லாளிக்கு அந்தக் கழிவில் பாதியைத் திருப்பிக் கொடுங்கள்.

டிராகனின் இறக்கைக் காற்று

கற்பனை உலகம் என்று சொல்லிவிட்டு டிராகனை விட்டுவிட முடியாது. 2,000 கிலோ எடையும் 20 மீட்டர் இறக்கை விரிவும் உள்ள ஒரு டிராகன் நகராமல் வானில் நிற்கிறது என்போம். அது விழாமல் இருக்க, தன் எடைக்கு ஈடாகக் காற்றைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். ஹெலிகாப்டருக்குப் போடும் அதே கணக்கைப் போட்டால், இறக்கைகளுக்குக் கீழே இறங்கும் காற்றின் வேகம் விநாடிக்குச் சுமார் 10 மீட்டர் வரும். கீழே நிற்பவர்கள் கண்ணில் தூசியோடு தடுமாறுவார்கள்.

அதன் வயிற்றை நோக்கி எதிரேயுள்ள கோபுரத்திலிருந்து கிடைமட்டமாக விட்ட அம்பு என்ன ஆகும்? கீழே அடித்துத் தள்ளப்படும் என்றுதான் தோன்றும். ஆனால் அம்பு அந்தக் காற்றுக்குள் இருக்கும் நேரம் மிகக் குறைவு. பத்து இருபது மீட்டர்தான். விலகல் சில சென்டிமீட்டர். அத்தனை பெரிய வயிற்றைத் தவறவிட அது போதாது. உண்மையான விளைவு வேறு. திடீரென்று மேலிருந்து காற்று அடித்ததும் இறகுப்பக்கம் கீழே தள்ளப்பட்டு முனை மேல்நோக்கித் திரும்பும், ஒன்பது பத்து பாகை வரை. அம்பு நேராகக் குத்தாமல் சாய்ந்து மோதும். சாய்ந்து மோதும் அம்பு ஆழமாக இறங்காது. செதிலில் பட்டுச் சறுக்கும். ஆகவே உங்கள் கேமில் டிராகன் வானில் நிற்கும்போது அம்புகள் அதைத் தொடட்டும், ஆனால் பாதிச் சேதமே தரட்டும். அது இறக்கையை மடக்கிப் பாயும்போதோ தரையில் அமரும்போதோ அம்புக்கு முழுப் பலமும் திரும்பட்டும். எப்போது எய்ய வேண்டும் என்பதை டிராகனின் உடலே சொல்லிக்கொடுக்கும்.

வானிலை கொடுப்பதும் உண்டு

மழை என்றால் கழிவு, பனி என்றால் கழிவு, காற்று என்றால் கழிவு என்று மட்டும் விதி எழுதினால் வானிலை வெறும் வரியாகிவிடும். 2017-இல் வந்த ஜெல்டா கேமான பிரெத் ஆஃப் தி வைல்டில் மழையில் தீ அம்பு அணைந்துவிடும். இடியின்போது உலோக ஆயுதம் வைத்திருப்பவர்மேல் மின்னல் விழும். ஆனால் காய்ந்த புல்லில் தீ அம்பை எய்தால் எழும் வெப்பக்காற்றில் ஏறிப் பறக்கலாம். இழப்பும் வரவும் ஒரே வானத்திலிருந்து வருவதால்தான் அந்த உலகம் உண்மையானதாகத் தோன்றுகிறது.

வில்லாளிக்கு வானிலை தரும் பெரிய பரிசு ஓசையை மறைப்பது. ஒலி விநாடிக்கு 340 மீட்டர் போகும். 70 மீட்டர் தள்ளி நிற்கும் காவலாளின் காதுக்கு நாணொலி ஐந்தில் ஒரு விநாடியில் எட்டிவிடும். அம்பு வர இன்னும் ஒரு விநாடி இருக்கும். விழிப்புள்ள மானோ வேட்டை நாயோ உடல் தாழ்த்தித் துள்ள அந்த ஒரு விநாடி தாராளம். கொட்டும் மழையிலும் இரைச்சல் காற்றிலும் அந்த எச்சரிக்கை கேட்காது. இலக்கிலிருந்து தன் பக்கம் காற்று வீசும்படி நிற்பவரின் மணம் விலங்குக்கும் எட்டாது. அவரது ஓசையும் எதிர்க்காற்றில் மேல்நோக்கி வளைந்து மங்கும். ஆனால் அப்போது அவரது அம்பு எதிர்க்காற்றில் போக வேண்டும், சற்று மேலே குறிவைக்க வேண்டும். மூடுபனியும் அப்படித்தான்: தொலைவை மறைக்கிறது, ஆனால் நெருங்கிச் செல்ல வழி விடுகிறது.

இவற்றையெல்லாம் உங்கள் கேமில் வைத்துவிட்டால், வெளியிடுவதற்கு முன் ஒரு சோதனைத் திடலை அமைத்துப் பாருங்கள். பக்கக்காற்றை விநாடிக்கு 5 மீட்டரில் நிலையாக வைத்து, விநாடிக்கு 60 மீட்டரில் புறப்படும் அம்பை 35, 70, 140 மீட்டர் இலக்குகளுக்கு எய்யுங்கள். விலகல் 7 சென்டிமீட்டர், 30 சென்டிமீட்டர், 1.2 மீட்டர் என்ற ஏறுவரிசையை ஒட்டி வந்தால் கணக்கு சரி. மூன்றும் பல மீட்டர்களில் வந்தால், காற்றின் வேகம் எங்கோ அம்பின் இடத்தோடு நேரடியாகக் கூட்டப்படுகிறது. முதலில் அந்த வரியைத் தேடித் திருத்துங்கள். எண்கள் சரியான பிறகு, கேமைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் கையில் வில்லைக் கொடுத்து, திரையில் கொடியையும் புல்லையும் மட்டும் விட்டுவைத்து, பத்து அம்புக்குள் அவர் காற்று வரும் பக்கமாகக் குறியை நகர்த்துகிறாரா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நகர்த்தவில்லை என்றால் கணக்கைத் தொடாதீர்கள். புல்லை இன்னும் நன்றாக ஆட வையுங்கள்.